வண்ணாரப்பேட்டை வீட்டுக் கூடத்தில் ப்ளூஸ்: ஒரு கேள்வியும் என் பதில்களும்

ஜனவரி 19, இரவு 10:50 (வாசகர் கேள்வி)

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக் கூடத்தில் ஒரு பெண் தனியாளாகக் கிதாரை வைத்துக்கொண்டு ப்ளூஸ், சோல் என்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டெல்லாம் பாடினாராம், தலைக்கு 500 ரூபாயாம். எனக்கு மூன்று கேள்வி. கானா பிறந்த ஏரியாவில் அமெரிக்கப் பாட்டு எதற்கு? சபா, ஹோட்டல், கல்லூரி என்று எத்தனையோ இடம் இருக்க வீடு எதற்கு? வீட்டுக்கு வந்தவர்களிடம் காசு வாங்குவது நம் பழக்கமா? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 20, காலை 6:35

அது என் வீடு. நானே சொல்கிறேன், ஆனால் ஒரே மூச்சில் முடியாது, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

பாடியவர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண். தாத்தா கேரேஜ் ஒர்க்ஸ் என்ற ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது அந்தப் பெண் பெங்களூரில் இருக்கிறார். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, ஊர் ஊராகப் பேசி இடம் பிடிப்பது, கிதாரைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்பில் வந்து இறங்குவது எல்லாம் அவரேதான். பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் காசு விஷயம், அது பின்னால் வரும்.

எங்கள் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு நானும் தங்கையும் நடத்துகிறோம். கோயில் திருவிழா, காது குத்து, கட்சிக் கூட்டம், சாவு வீடு, எல்லாவற்றுக்கும் போவோம். போன வருடம் ஒரு ஹோட்டலில் மைக் செட் வேலை. அங்கேதான் இந்தப் பெண் பாடினார். அவர் தலைக்கு மேலே பெரிய டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் ஒரு வரியை இழுத்துப் பாடி முடிக்கும்போது யாரோ ஆறு அடித்துவிட்டான், கூடம் முழுக்கக் கைதட்டல். கைதட்டல் தனக்கு இல்லை என்று தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை, அடுத்த வரிக்குப் போனார். மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

வேலை முடிந்து ஒயர் சுருட்டும்போது அவரும் ஒரு பக்கம் பிடித்துச் சுருட்டினார். "அக்கா, எல்லாரும் கேக்கறதுக்குன்னே வந்த இடத்துல ஒரு தடவ பாடணும்" என்றார். எங்க வீட்டுக் கூடம் இருக்கு, வா என்று சொல்லிவிட்டேன். வீடு எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

ஜனவரி 20, இரவு 10:15

கூடத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 22 அடி நீளம், 14 அடி அகலம், 11 அடி உயரம். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், கீழே மொசைக். காலியாக இருக்கும்போது கைதட்டினால் கணீர் என்று திரும்பி வரும். பார்க்க அழகான கூடம், பாட்டுக்கு ஆகாத கூடம். குரலின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டு வந்தால், மெதுவாகப் பாடும் பாட்டு கெட்டுப்போகும்.

வெள்ளிக்கிழமை முழுக்க நானும் தங்கையும் அதைத்தான் சரி பண்ணினோம். கல்யாண வேலைக்கு எடுத்துப் போகும் ஜமக்காளங்கள் ஆறை இரண்டு மடிப்பாகத் தரையில் விரித்தோம். பாடுபவருக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். அம்மாவின் பழைய கைத்தறிப் புடவைகளைக் கொடி கட்டிப் பக்கச் சுவரில் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவேண்டும், ஒட்டினால் பாதி பலன்தான். மீதியை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள், முப்பது பேர் உட்கார்ந்தாலே எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறி எல்லாம் நிறுத்தம். அதனால்தான் தை மாதம் பார்த்து வைத்தோம், சித்திரையில் முடியவே முடியாது.

மைக் விஷயம் எனக்கே புதுப் பாடம். 22 அடிக் கூடத்தில் அந்தப் பெண்ணின் குரலுக்கு மைக் வேண்டாம். கிதாருக்குத்தான் வேண்டும். கம்பி இழுக்கும் மரக் கிதாரின் சத்தம் குரலுக்குப் பக்கத்தில் பூனை நடை. எனவே ஒரே ஒரு மைக், கிதாரின் வாய்க்கு அரை அடி முன்னால், நேராக வைக்காமல் கொஞ்சம் கழுத்துப் பக்கம் சாய்த்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்று அவர் காலடியிலேயே. குரல் குரலாகவே வரட்டும் என்று விட்டுவிட்டோம். மைக் செட்காரி மைக்கை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டது அன்றுதான்.

மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்ற பழைய ப்ளூஸ் பாடகிகள் காலத்துப் பெண்கள் கூடாரத்தில் மைக் இல்லாமல் பாடிப் பழகியவர்கள். 1925 வரைக்கும் ரெக்கார்டுகூட மைக்கில் பதியவில்லை, புனல் மாதிரி ஒரு ஹார்னுக்குள் பாடவேண்டும். நம் நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாள் எட்டுக்கட்டையில் எடுத்ததும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரத்தான்.

ஜனவரி 21, காலை 7:05

முதல் கேள்விக்கு அவசரமாக ஒரு வரி. ப்ளூஸ் என்றால் அமெரிக்க கானா, அவ்வளவுதான். அதனால் இங்கே அந்நியம் இல்லை. விரிவாகப் பிறகு.

ஜனவரி 21, இரவு 11:20

சனிக்கிழமை இரவைப் பற்றி.

ஏழு மணிக்கு ஆரம்பம் என்று சொல்லியிருந்தோம், ஆறரைக்கே கூடம் பாதி நிறைந்துவிட்டது. 34 பேர். தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு, மீதி கொளத்தூர், பெரம்பூர், ராயபுரம், தாம்பரத்திலிருந்துகூட ஒரு தம்பதி. செருப்பு படிக்கட்டு வரைக்கும் இறங்கியது. வாசல் படியை ஒட்டி எதிர் வீட்டு ஆயா உட்கார்ந்தார். 78 வயது, ஒரு காலத்தில் எங்கள் தெருவில் சாவு என்றால் ஒப்பாரிக்கு முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பாடகி சாதாரண காட்டன் புடவையில் வந்து மர ஸ்டூலில் உட்கார்ந்தார். கிதாரைச் சுதி சேர்த்தபடியே தமிழில் பேசினார். "எங்க தாத்தா ரயில் பெட்டிக்கு ரிவிட் அடிச்சவரு. நான் பாடப் போற பாட்டுல பாதி ரயில் பாட்டு." முதல் பாட்டிலேயே இடது காலால் தரையில் தட்டத் தொடங்கினார். ஜமக்காளத்தின் மேல் தட்டினால் சத்தம் வராது என்று தெரிந்ததும் காலடி ஜமக்காளத்தை ஒதுக்கிவிட்டு மொசைக்கில் தட்டினார். அந்தக் காலடிதான் அன்று மேளம்.

மூன்றாவது பாட்டு ரொம்ப மெதுவானது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதைக் கீழே இறக்கி, உடைத்து, உடைந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அப்போது ஆயா வாசலிலிருந்து கேட்டார், "யாரும்மா செத்தாங்க?"

"யாரும் சாவல ஆயா. ஒருத்தன் ரயில் ஏறிப் போயிட்டான்."

"அப்ப அவனுக்குக் கேக்கற மாதிரி பாடு" என்றார் ஆயா.

எல்லோரும் சிரித்தார்கள், பாடியவரும் சிரித்தார். ஆனால் அடுத்த சுற்றை உண்மையிலேயே குரலை ஏற்றிப் பாடினார். தெருவில் போன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

இடைவேளைக்கு அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்த சாப்பாடு, எங்கள் தெருமுனையில் வண்டி போடும் அண்ணன் வீட்டு வாசலுக்கே வந்து போட்டுக் கொடுத்தார். ஒன்பதரைக்கு முடித்துவிட்டோம்.

ஜனவரி 22, இரவு 9:40

நேற்றுக் காலையில் "அமெரிக்க கானா" என்று எழுதினேன். அது தப்பு, திருத்துகிறேன். இன்று சாயங்காலம் ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "ஒப்பாரின்னா செத்தவங்க காதுல சொல்றது. அந்தப் பொண்ணு உசுரோட இருக்கறவன் காதுல போவட்டும்னு பாடுச்சு. ரெண்டும் வேற." எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

ப்ளூஸ் அமெரிக்காவின் தெற்கில், 1865ல் அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலக்காரனுக்கே கடன்பட்டு, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி விளைவித்த கறுப்பின மக்களிடையே உருவானது. மிசிசிப்பிப் பக்கத்திலிருந்து ரயில் ஏறி சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே போனவர்களோடு அதுவும் போனது. அந்தப் பாட்டில் ரயில் வருவது அலங்காரத்துக்கு இல்லை. கானா இங்கே, இந்தத் தெருக்களில், சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருக்கும் கூட்டத்தில் வளர்ந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்தது என்பது இரண்டுக்கும் பொது. அதற்காக ஒன்றை இன்னொன்றின் பெயரால் கூப்பிட்டால் இரண்டுக்கும் மரியாதை இல்லை.

கட்டுமானத்தையும் சொல்கிறேன், அன்று பாடியவர் விளக்கியதை வைத்து. ஒரு வரி பாடுவார். அதே வரியை மறுபடி பாடுவார். மூன்றாவது வரியில் அதற்குப் பதில். நான்கு நான்கு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு கட்டம், ஒரு வரிக்கு நான்கு கட்டம். அந்த நான்கில் ஏறக்குறைய பாதி குரலுக்கு, மீதி கிதாருக்கு. பாட்டு கேட்கும், கிதார் பதில் சொல்லும். முதல் வரியை ஏன் இரண்டு தடவை என்று ஒரு பையன் கேட்டான். "மூணாவது வரிய யோசிக்க நேரம் வேணாமா?" என்றார். அங்கேயே இட்டுக்கட்டிப் பாடும் வழக்கத்திலிருந்து வந்தது அது. கானா பாடுகிறவர்களும் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடி அடுத்ததை யோசிப்பதைப் பத்து வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சுரம் தெரிந்தவர்களுக்காக: அந்த உடைந்த இடம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிதாரில் கம்பியை விரலால் மேலே தள்ளி அந்த நடு இடத்தைப் பிடிக்கிறார்கள். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டையே கிடையாது. நம் காதுக்குப் பழகிய வளைவு என்பதால்தான் தெருக்காரர்கள் யாரும் "புரியவில்லை" என்று எழுந்து போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 22, இரவு 10:30

விட்டுப்போன ஒன்று. ப்ளூஸை முதலில் ரெக்கார்டில் நிலைநிறுத்தியவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் மாமி ஸ்மித் என்ற பாடகி பதிவு செய்த இசைத்தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது, அதன் பிறகுதான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. கிதாரோடு தனியாகப் பாடும் ஆண்களின் படம்தான் ப்ளூஸ் என்றதும் நம் கண்முன் வருகிறது, அவர்கள் தட்டு பெருகியது அதற்குச் சில வருடம் கழித்துத்தான். கானாவில் கதை தலைகீழ், மேடையில் பெண்ணைப் பார்க்கவே வெகு காலம் ஆயிற்று. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவில் கானா பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தபோது எங்கள் கடையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

ஜனவரி 23, காலை 6:50

ப்ளூ என்றால் நீலம்தானே, அதில் என்ன சோகம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே மனம் சோர்ந்து கிடப்பதற்கு அந்த வார்த்தையைச் சொல்வார்கள். ஆனால் எல்லாம் அழுகை இல்லை. அன்று பாடிய ஒரு பாட்டில் புருஷனைத் துரத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறாள் ஒருத்தி, கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாம் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார்கள்.

ஜனவரி 23, இரவு 10:05

காசு. இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, நேராகவே எழுதுகிறேன்.

நான் அவரைப் பார்த்த அந்த ஹோட்டல், பேசியதில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறது. மீதிக்கு எட்டு மாதமாக அலைகிறார். பெயர் வெளியே வந்தால் வராமலே போய்விடும், மற்ற இடங்களிலும் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறார். பந்தல்காரருக்கு முன்பணம், சமையலுக்கு முன்பணம், மைக் செட்டுக்கும் பாதி முன்பணம் வாங்காமல் நாங்கள் வண்டியில் பெட்டி ஏற்றுவதில்லை. பாடுகிறவருக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம்".

பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி 1952ல் பதிவு செய்த ஒரு பாட்டை 1956ல் எல்விஸ் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். தனக்கு அந்தப் பாட்டால் வந்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் சொல்லியிருக்கிறார். பெஸ்ஸி ஸ்மித் 1937ல் கார் விபத்தில் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வைக்க 1970 ஆனது, அதுவும் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் இன்னொரு பெண்மணியும் கைக்காசு போட்டதால். இவ்வளவு தட்டு விற்றவருக்கு.

வீட்டுக்கு வந்தவர்களிடம் காசு வாங்குவது பழக்கமா என்றால், அந்தப் பாட்டுக்கு அது பழக்கம். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினக் குடும்பங்களிடம் வாடகையை ஏற்றி வாங்கினார்கள். மாதக் கடைசியில் வாடகை துண்டு விழுந்தால் வீட்டில் விருந்து வைப்பார்கள். சின்ன அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள், வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள், பியானோ வாசிக்க ஆள், சாப்பிட வறுத்த மீன். ஃபேட்ஸ் வாலர் மாதிரி பெரிய வாசிப்புக்காரர்கள் அங்கே வாசித்திருக்கிறார்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கவிஞர் அந்த அட்டைகளைச் சேர்த்தே வைத்திருந்தார். பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து இல்லையா, கிட்டத்தட்ட அதுதான்.

ஜனவரி 24, இரவு 9:15

"வீட்டுக் கச்சேரியே இறக்குமதி, நம்மிடம் கோயிலும் சபாவும்தான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நம் வீட்டிலிருந்து ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம். அங்கேதான் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டில் வாசித்தார். 1867ல் பிறந்து 1938ல் மறைந்தவர். ஊரில் உள்ள வித்வான்கள், ரசிகர்கள் எல்லாம் அந்த வீட்டுக் கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். மீட்டுவதும் மெல்ல, கூடவே பாடுவதும் மெல்ல. ஒருவர் செருமினால் போதும், கெட்டுவிடும். அந்த வீட்டில்தான் பேத்திகள் பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா காது வளர்ந்தது.

சபாக்கள் தலையெடுத்த காலத்தில், தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை எந்த மேடையில் ஏற்றலாம் என்று ஊர் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் தன் வீட்டு வாசலைத் திறந்து வைத்து வாசித்தார். எப்போது, யாருக்கு, எவ்வளவு நேரம் எல்லாம் அவர் முடிவு. அந்த ஹோட்டலில் டிவிக்குக் கீழே நின்று பாடிய பெண்ணுக்கு நான் கொடுக்க நினைத்தது அந்த வாசலைத்தான். ராகமும் ப்ளூஸும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, ஏற்கனவே ஒரு தடவை அப்படிச் சொல்லித் திருத்தியாயிற்று. கூடத்தைச் சொல்கிறேன்.

ஜனவரி 25, காலை 7:20

சோல் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்கள். இரண்டாம் பாதி முழுக்க அதுதான். சுருக்கமாக: கறுப்பின தேவாலயங்களின் கோஸ்பல் பாட்டு மெட்டையும் ஆவேசத்தையும் எடுத்துக்கொண்டு, கடவுள் இருந்த இடத்தில் காதலனையோ காதலியையோ வைத்துப் பாடியது. 1954ல் ரே சார்லஸ் என்ற பாடகர் அப்படிச் செய்தபோது பாவம் என்று திட்டியவர்கள் உண்டு. நாயகனைப் பாடுவது போலக் கடவுளைப் பாடிய ஆண்டாள் இருக்கும் மொழியில் நமக்கு இது புரிவதில் கஷ்டம் இல்லை, திசைதான் எதிர்.

அரீத்தா ஃப்ராங்க்ளின் டெட்ராய்ட்டில் அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். ஓட்டிஸ் ரெடிங் 1965ல் ஒரு ஆணின் குரலில் மரியாதை கேட்டுப் பாடிய பாட்டை 1967ல் அரீத்தா எடுத்து, கேட்கும் ஆளை மாற்றி, பெண் கேட்பதாக்கினார். எழுதியவருக்கே இனி அந்தப் பாட்டு சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. நம் பாடகியும் பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பாடி வந்தவர்தான். இரண்டாம் பாதியில் ஒரு வரியைக் கொடுத்து எங்களைத் திருப்பிப் பாடச் சொன்னார், மூன்றாவது தடவையில் 34 பேரும் ஒரே சுதியில் இருந்தோம். அதை எழுத்தில் வைக்க எனக்கு வரவில்லை.

ஜனவரி 26, காலை 11:00

லீவு. நிதானமாக, எங்கே சறுக்கினோம் என்று எழுதுகிறேன், அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும்.

கீழ்த்தளத்துக் குடித்தனத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறாள். அவள் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை இரவுதான் சொன்னேன். ஒரு வாரம் முன்பே போய்க் கேட்டிருக்க வேண்டும். மொசைக்கில் தட்டிய அந்தக் காலடி கீழே இடி மாதிரி கேட்டிருக்கிறது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டம் எனக்குத் தொழில் பாடம், அதற்குள் முடித்ததும் உண்மை, ஆனால் ஒரு பிள்ளையின் படிப்புக்குச் சட்டம் மட்டும் போதாது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

பாடுகிறவருக்குத் தனியாக உட்கார ஓர் அறை ஒதுக்கவில்லை. ஆறு மணியிலிருந்து ஆளாளுக்குப் பேச்சுக் கொடுத்தார்கள், அவரும் மரியாதைக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். முதல் பாட்டில் குரல் லேசாகக் கரகரத்ததற்கு அதுதான் காரணம். வெந்நீரும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் இல்லாமல் இனிமேல் யாரையும் கூப்பிட மாட்டேன்.

போன். முன் வரிசையில் ஒருவர் கை நீட்டி அரை மணி நேரம் வீடியோ எடுத்தார், பின்னால் இருந்தவர்களுக்கு அவர் கைதான் தெரிந்தது. அவரிடம் சொல்லவேண்டியது நான், வீட்டுக்காரி. விருந்தாளி மனசு நோகும் என்று தயங்கினேன். கடைசியில் பாடியவரே "ரெண்டு பாட்டு எடுத்துட்டீங்க அண்ணா, மூணாவது எனக்குப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லவேண்டி வந்தது.

அப்புறம் ஒருவர் சினிமாப் பாட்டுக் கேட்டார். சிலர் அவரைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம். அவர் ஆசையாகத்தான் கேட்டார். "இன்னைக்கு என் பாட்டு கேளுங்க அண்ணா" என்றார் பாடகி. போகும்போது பெட்டியில் அதிகமாகப் போட்டவர்களில் சினிமாப் பாட்டுக் கேட்டவரும் ஒருவர்.

ஜனவரி 26, இரவு 8:45

மொய் விருந்து ஒப்பீட்டுக்கு எதிராக மூன்று பேர். சரிதான். மொய் நோட்டில் எழுதப்படும் கடன், கொடுத்தவர் வீட்டு விருந்தில் நாம் திருப்பிச் செய்யவேண்டும். ஹார்லெம் வாசலில் கொடுத்த சில்லறைக்குக் கணக்கு அங்கேயே முடிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததும் அப்படித்தான். பாடினார், கொடுத்தோம், யாரும் யாருக்கும் கடன் இல்லை.

கணக்கைக் கேட்டதால்: 26 பேர் 500 வீதம் 13,000. முடிந்ததைக் கொடுங்கள் என்று சொன்ன 8 பேரிடமிருந்து 1,450. வாசல் பெட்டியில் 2,300. மொத்தம் 16,750, அன்று இரவே எண்ணி அவர் கையில் கொடுத்தோம். ஆயா கொடுத்த ஐம்பதும் அதில் உண்டு. சாப்பாட்டுச் செலவு நானும் தங்கையும். எண்ணி முடித்ததும் அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. கேட்காமலே, பேசிய நாளிலேயே, முழுசாக வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்.

ஜனவரி 27, காலை 6:40

நள்ளிரவில் ஒன்று ஞாபகம் வந்தது. 1964ல் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற அமெரிக்க கோஸ்பல் பாடகி இங்கிலாந்தில் மான்செஸ்டரில், ரயில் நின்றுபோன ஒரு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் கிதாரோடு பாடினார். அவர் ஒரு நடைமேடையில், கேட்கிறவர்கள் தண்டவாளத்துக்கு எதிர்ப்புற நடைமேடையில். மழை பெய்தது, கோட்டு போட்டுக்கொண்டு மழையைப் பற்றிய பாட்டையே பாடினார். அந்தக் காட்சிப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1856ல் திறந்த நம் ராயபுரம் ஸ்டேஷனின் தூண்கள்தான் கண்ணில் வரும். அங்கே ஒரு நாள் இந்தப் பெண் நின்று பாடவேண்டும். எதிர் நடைமேடையில் நான் மிக்ஸரோடு உட்காரவேண்டும்.

பிப்ரவரி 9, இரவு 9:30

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வியாசர்பாடியில் அவர்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பதினைந்தாம், ஷீட் போட்ட கூரையாம், அவர் அக்கா மகள் பாடுவாளாம், அங்கே வைக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. பதினைந்து பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். ஷீட் கூரைக்குக் கீழே இரண்டு அடி விட்டுத் துணி கட்டுங்கள், சூடும் குறையும் சத்தமும் அடங்கும். மார்ச் தாண்டவேண்டாம். அந்த நேரத்தில் மோட்டார் போடாமல் இருக்கப் பக்கத்து வீட்டில் இன்றைக்கே போய்ப் பேசுங்கள், நாளைக்கு வேண்டாம். பெண்ணுக்கு எவ்வளவு என்பதை முதலில் பேசிவிடுங்கள், சொந்த அக்கா மகளாக இருந்தாலும். ஜமக்காளம் ஆறும் எங்கள் கடையில் இருக்கிறது, வண்டி கொண்டுவந்து எடுத்துப் போங்கள். கிதாரா, டோலக்கா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மைக்கை எடுத்து வைக்கிறேன்.